ஜெயரூபன் நாக்கால் வாங்கிய பியானோ

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த பிழை ஒன்றில் என் வாய்க்கும் பங்கு உண்டு. பெயர் மின்ஹாஜ், ஓட்டமாவடியில் ஆட்டோ ஓட்டுகிறேன். நான் சொல்லப்போகிற ஆள் ஜெயரூபன், பக்கத்து வாழைச்சேனையில், துறைமுகத்தடியில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். இருபது வருடக் கூட்டாளி. நான் அவனோடு சண்டை பிடிக்காத மாதம் இல்லை. அவன் ஒரு தடவையாவது திருப்பிச் சண்டை பிடித்ததில்லை, அதற்கும் எனக்குக் கோபம்.

துறைமுகத்தில் பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவன் எஞ்சினை இயக்கிப் பார்க்கமாட்டான். உள்ளே ஓர் ஆணியைக் கழற்றி நாக்கு நுனியில் வைப்பான். கரித்தால், “இது விழுந்தது” என்பான். கடலில் விழுந்து எடுத்தது என்று அர்த்தம். விற்கிறவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் வியாபாரம் அதோடு முடிந்தது.

அவனுடைய ஒரே மகள் விதுர்ஷா, வயது பதினாறு. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஒரு ரீச்சரிடம் பியானோ படித்தாள். பியானோ என்று பெயர்தான். ரீச்சர் வீட்டிலும் இவள் வீட்டிலும் இருந்தது இலேசான கட்டைகள் உள்ள சின்னக் கீபோர்ட். இடப்பக்கத்துக் கட்டைகள் போதாது. ஜெயரூபன் ஒரு பலகையைச் சீவி, கறுப்பு வெள்ளைக் கட்டைகளை வரைந்து, பக்கத்தில் வைத்துக் கொடுத்திருந்தான். பிள்ளை பாதிப் பாட்டைக் கீபோர்டிலும் மீதியைப் பலகையிலும் வாசிக்கும்.

போன வருடம் டவுனில் நடந்த லண்டன் சங்கீதப் பரீட்சையில் அவள் தோற்றாள். அங்கே இருந்தது உண்மையான பியானோ. கட்டை பாரம், இவளுடைய விரல் அதை அமுக்கவே திணறியிருக்கிறது. வெளியே வந்து, “கட்டை இறங்கல்ல அப்பா” என்று மட்டும் சொன்னாள். இந்த வருடமும் தோற்றால் இனித் தொடமாட்டேன் என்று தாய் கேதீஸ்வரியிடம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான், தகப்பனைப் போல.

பரீட்சைக்கு ஐந்து கிழமை இருக்கையில் ஜெயரூபன் தான் உதிரிகளைச் சேர்த்துப் பூட்டிவைத்திருந்த ஓர் எஞ்சினை விற்று, ஒன்றரை இலட்சத்தோடு மகளையும் கூட்டிக்கொண்டு என் ஆட்டோவில் ஏறினான். மூன்று பேரும் டவுனில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனோம்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று பாரக் கட்டை டிஜிட்டல் பியானோ, புதிது, இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம். மற்றது இலேசான கட்டை, ஐந்நூறு விதமான சத்தம், தாளம், கலர் லைட். விலை ஒன்றரைக்கு உள்ளே. விதுர்ஷா இரண்டிலும் கொஞ்சம் வாசித்துவிட்டு, இலேசானதுதான் பிடித்திருக்கிறது, இதுவே போதும் என்றாள். கடைக்காரர் உடனே பெட்டியை எடுக்கப் போனார். எனக்கும் சந்தோஷம், வேலை முடிந்தது.

ஜெயரூபன் அசையவில்லை. “பரீட்சையில வைக்கிற பியானோ இதுல எதப்போல மகள்?” என்றான்.

பிள்ளையின் கண் அந்தப் பாரக் கட்டைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. எனக்கு அப்போதுதான் விளங்கியது, இவள் தகப்பனுடைய பையைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள். அறுபதாயிரத்துக்கு நான் எங்கே போவேன்? ஆட்டோவே தவணையில் ஓடுகிறது.

ஜெயரூபன் கடையைச் சுற்றிப் பார்த்தான். மூலையில் ஒரு பழைய பாரக் கட்டைப் பியானோ, துணி போட்டு மூடிக் கிடந்தது. அது பழுது என்றார் கடைக்காரர். பதினெட்டுக் கட்டை சத்தம் போடாது. கொழும்பில் காட்டியதற்கு உள்ளே எலக்ட்ரோனிக் போர்ட் போய்விட்டது, எறியுங்கள் என்றார்களாம். ஜெயரூபன் இடுப்பிலிருந்த ஸ்குறூட்றைவரை எடுத்தான். எனக்கு மானம் போனது. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அடியில் ஓர் ஆணியைக் கழற்றி நக்கினான்.

“உப்பு,” என்றான். எந்தக் கடற்கரையில் இருந்தது இது என்று கேட்டான்.

கடைக்காரர் திகைத்துவிட்டார். பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல்களில் பாடிய குழு ஒன்று தந்ததாம், மணலில் மேடை போட்டு வாசித்தார்களாம். ஜெயரூபனுடைய முகம் மலர்ந்தது. உலகத்தில் உப்பு என்று தெரிந்து மலர்ந்த முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். தொண்ணூறாயிரம், திருப்பி எடுக்கமாட்டோம் என்று எழுதியே தந்தார்கள். வேண்டாம் என்று நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், கத்தினேன்.

“போர்ட் போயிருந்தா எனக்குத் தெரியா மச்சான். உப்பெண்டா எனக்குத் தெரியும்,” என்றான்.

பட்டறையில் பத்து நாள் வேலை. எஞ்சினுக்குக் காத்திருந்த மீன்காரர்கள் வந்து வந்து ஏசினார்கள். எண்பத்தெட்டுக் கட்டையையும் கழற்றி, வரிசையாகப் பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே படிந்திருந்த உப்பைத் துடைத்தான். பூட்டிச் சுவிட்சைப் போட்டபோது பதினெட்டும் பேசின. கேதீஸ்வரி அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், யாரும் பார்க்கவில்லை.

பிழை எங்கே நடந்தது என்றால், பூட்டும்போது. கட்டைகளின் மூட்டில் இருந்த மெல்லிய கிறீஸைத் துடைத்து எடுத்தவன், தன்னிடம் இருந்த கிறீஸைப் பூசிவிட்டான். வள்ளத்து எஞ்சினுக்குப் போடுகிற, கடல் தண்ணீர் ஏழு வருடம் அடித்தாலும் போகாத கிறீஸ். இனி உப்பு ஏறாது என்று பெருமையாகவும் சொன்னான்.

ஒரு நாள் பிள்ளையை ரீச்சரிடம் கூட்டிப்போக அவர்கள் வீட்டுக்கு வந்தபோது நான் சும்மா அந்தப் பியானோவில் ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தேன். அல்லாஹ்வே, களிமண்ணுக்குள் விரல் விட்டதைப் போல இருந்தது. இறங்கவும் நேரம், எழும்பவும் நேரம். விதுர்ஷாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டில் தைலம் மணத்தது.

“அப்பாட்ட சொல்லிராதீங்க மாமா,” என்றாள். “மறுகா எல்லாத்தையும் கழட்டுவார். நாள் போதா.”

நான் சொல்லவில்லை. பதினான்கு நாள் அந்த வாயைக் கட்டிவைத்திருந்தேன். இந்த மடையன் தன் கையால் பிள்ளையின் கையைக் கெடுத்துவிட்டானே என்று உள்ளுக்குள் ஏசிக்கொண்டே திரிந்தேன்.

பரீட்சை நாள் காலையில் அவளை மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டு இரண்டு பேரும் ஆட்டோவில் இருந்தோம். ஜெயரூபன், இந்த முறை கட்டை இறங்கும், நம்மட பியானோவும் பாரம்தானே என்றான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் என் வாய் அவிழ்ந்துவிட்டது. கிறீஸ், களிமண், தைலம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் ஆட்டோவிலிருந்து இறங்கி, மதிலோரம் குந்தினான். தன் வலக்கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகத்துக்குள் கறுப்பாக அந்தக் கிறீஸ் இருந்தது. அதைச் சுரண்டத் தொடங்கினான். நான் ஏன் சொன்னேன், இரண்டு மணித்தியாலம் பொறுத்திருக்கக்கூடாதா என்று என்னையே அறைய வேண்டும் போல இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

கதவு திறந்தது. விதுர்ஷா வந்தாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஜெயரூபன் எழும்பவில்லை, அண்ணாந்து பார்த்தான்.

“கட்டை இறங்கிச்சா மகள்?” என்றான்.

அவள் அவனுக்கு முன்னால் குந்தினாள்.

“தொட்டாப் போதும் அப்பா, ஓடுது. நம்மடத விட எவ்வளவு லேசு தெரியுமா?” என்று சிரித்தாள். “முதல் ரெண்டு வரி கொஞ்சம் கூடச் சத்தமாப் போயிற்று. பொறகு அடக்கிற்றன்.”

ஜெயரூபன் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பெறுபேறு வந்தது, விதுர்ஷா சித்தியடைந்திருந்தாள். அன்று பின்னேரமே ஜெயரூபன் மெல்லிய கிறீஸ் ஒரு போத்தல் வாங்கி, ஸ்குறூட்றைவரோடு பியானோவுக்குக் கீழே படுத்தான். விதுர்ஷா வந்து அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“அதுல கை வைக்காதீங்க,” என்றாள். “அடுத்த தரப் பரீட்சைக்கும் அந்தப் பாரம் வேணும்.”