சேற்றில் முடிந்த கூட்டம்

ரமணிக்குச் சிரிப்பு வந்தால் லேசில் நிற்காது. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வேலை பார்த்த காலத்தில், முகமூடிக்குள் அவள் குலுங்குவதைப் பார்த்து வரிசை முழுக்கக் குலுங்கும். மேற்பார்வையாளர் அவளை இடம் மாற்றிப் பார்த்தார். போன இடத்திலும் அதே கதைதான். பெருநிலப் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலைப் பஸ்ஸில் பாலம் தாண்டித் தீவுக்கு வேலைக்கு வந்து, கடைசியில் அந்த பஸ்ஸை ஓட்டிய ஜெயராஜையே கட்டிக்கொண்டவள். அவள் இருந்த பிரிவை மூடியபோது உடைந்துபோவாள் என்று எல்லோரும் பயந்தார்கள். அவளோ தெலோக் கும்பார் பக்கம், மீன்பிடிப் படகுகள் ஒதுங்கும் கரையில் ஒரு வடைக் கடையைப் போட்டுவிட்டாள்.

கடை போட்ட வாரமே சலேஹா ஒட்டிக்கொண்டாள். படகுக்கார இர்வானின் மனைவி. கரையில் குந்தி இறால் உரிப்பவள். அடுத்து ஹபீபா பீவி. சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், கனத்த சரீரம், கனத்த குரல். மூவரும் மலாயில் ஒரு பேச்சைத் தொடங்கினால் அது எந்த மொழியில் போய் முடியும் என்று அவர்களுக்கே தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை, ஜார்ஜ் டவுனிலிருந்து ஷர்மினி வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பெண். கடலோர மக்களுக்கு என்னதான் தேவை என்று அவர்கள் வாயாலேயே கேட்டு, மீன்வளத்துறைக்குச் சொல்ல வேண்டியது அவள் வேலை. மீனவர் கொட்டகையில் கூட்டம். ஆண்கள் முன்னால் உட்கார்ந்து வலை, இஞ்சின், டீசல் என்று அடுக்கினார்கள். எல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான். பெண்கள் பின்னால் நின்றார்கள். வடைத் தட்டோடு நின்ற ரமணியின் காதில் சலேஹா ஏதோ முணுமுணுத்தாள். அவ்வளவுதான், தட்டு ஆடத் தொடங்கியது.

"என்னக்கா, சொல்லிட்டுச் சிரிங்களேன்," என்றாள் ஷர்மினி.

"இவளுக்குக் கடலுக்குப் போகணுமாம்லா."

கொட்டகையே சிரித்தது. கடல் எதிரே, கல்லெறியும் தூரத்தில் கிடந்தது. சலேஹா சிவந்துபோனாள். ஆனால் பின்வாங்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷன் கொண்டுவரும் இறாலை உரிக்கிறேன், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் கண்ணால் பார்த்ததில்லை என்றாள். பெண்களுக்குக் கடலில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். ரமணி உடனே திரும்பினாள்.

"வேலைக்கா போறோம்? நீங்க கோப்பி குடிக்க என் கடைக்கு வர்றீங்களே, வேலையாவா வர்றீங்க?"

இர்வானுக்குத் தப்ப வழியில்லை. தண்ணீர் கரை வரை ஏறியிருந்த நேரம் பார்த்துப் படகைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளுக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு ரமணி, சலேஹா, ஹபீபா பீவி மூவரும் ஏறினார்கள். ஷர்மினியும் கூட ஏறினாள். கேள்விகளைக் கடலில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

முதல் அலை தூக்கிப் போட்டதும் கேள்விகளெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஹபீபா பீவி உரத்த குரலில் ஓதத் தொடங்கினார். ரமணி கூவினாள். பயமா, குஷியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தலைக்கு மேல், சக்கரங்கள் தெரியும் அளவுக்குத் தாழ்ந்து ஒரு விமானம் இறங்கியது. நால்வரும் எழுந்து கையாட்ட, "உட்காருங்க, உட்காருங்க" என்று இர்வான் கெஞ்சினான். தூரத்தில் ரமணியின் அடுக்குமாடி ஒரு தீப்பெட்டி போலத் தெரிந்தது. அதன் மாடியில் எங்கோ ஜெயராஜ் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்ததும் அவளுக்கு மறுபடி சிரிப்பு பொங்கியது.

இறால் கிடைக்கும் இடத்தை இர்வான் காட்டினான். பார்க்க வெறும் தண்ணீர்தான். சலேஹா அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுக்கானைத் தன்னிடம் தரச் சொன்னாள். அவன் தந்தான். படகு ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது, நேராகப் போகிற மாதிரி பாவனை செய்துவிட்டு மறுபடி வட்டம் போட்டது. உலகமே கிறுகிறுவென்று சுற்ற, ஹபீபா பீவி ஓதுவதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நேரம் போனதை இர்வான்கூடக் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது கடல் வற்றிப் போயிருந்தது. படகுக்கும் கரைக்கும் நடுவே பளபளவென்று சேறு.

இர்வான் பழக்கத்தில் குதித்தான், முழங்கால் வரை போனான், நடந்தான். அடுத்து இறங்கிய ஷர்மினியின் ஒரு சப்பாத்தைச் சேறு வாங்கிக்கொண்டது. திருப்பித் தரவே இல்லை. அவளைத் தூக்கப் போன ரமணி தொடை வரை புதைந்தாள். ரமணியைத் தூக்கப் போன சலேஹா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இறங்க மாட்டேன்," என்றார் ஹபீபா பீவி படகிலிருந்து. "தண்ணி திரும்பி வரட்டும். அதுவரைக்கும் என் கடையை யாராவது பார்த்துக்கங்க."

கரையில் நின்ற ஆண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஷர்மினி முகத்தில் சேற்றோடு, "தினமும் இப்படித்தானாக்கா?" என்று கேட்டாள்.

"ஆம்பளைங்களுக்குத் தினமும்தான்," என்றாள் ரமணி. "நாங்கதான் படகுகிட்டயே வர்றதில்லையே. கூடையோட இதுல எப்படி நடக்கிறது?"

சலேஹா சேற்றிலிருந்தபடியே விளக்கினாள். கூடைகளை ஆண்கள் சுமந்துபோய்க் கரையேற்றும் இடத்தில் மொத்த வியாபாரி தவுக்கே முதல் ஆளாக நிற்பார். நல்ல இறால் அவர் கைக்குப் போகும். மிஞ்சுவதைத்தான் பெண்கள் விற்பார்கள். படகு வரை ஒரு நடைமேடை இருந்தால் தன் வீட்டு இறாலைத் தானே பிரித்து எடுப்பேன், ஹபீபா அக்காவின் கடைக்கு நேராகக் கொடுப்பேன் என்றாள்.

"எல்லாத்தையும் வாங்கிக்கிறேன்லா," என்று படகிலிருந்து குரல் வந்தது. "முதல்ல என்னை இறக்குங்க."

கரையில் சிரிப்பு அடங்கியது. தினமும் அந்தச் சேற்றை மிதித்தவர்கள்தான் எல்லோரும். காலைக் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் அது வரவில்லை. "எனக்கே தோணல," என்றான் இர்வான்.

ஷர்மினி அதை அப்படியே மீன்வளத்துறைக்கு எழுதினாள்; அடுத்த ஆண்டு மிதக்கும் நடைமேடை வந்தது. தண்ணீர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். தவுக்கே கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு அவரும் மேடை மேல் வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்றார். சலேஹாவின் இறால் பெரிதும் சிறிதுமாகப் பிரிந்து, உயிரோடு துடிக்கத் துடிக்க ஹபீபா பீவியின் சமையல்கட்டுக்குப் போனது. பொடி இறாலை ரமணி வாங்கி வடையில் பதித்தாள்; மதியத்துக்குள் தட்டு காலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெயராஜைப் பிடித்து இழுத்துவந்து படகில் ஏற்றினாள். அத்தனை காலம் பஸ் ஓட்டிய மனிதர் பலகையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"ரமணி, கரை எங்க இருக்கு?"

"பின்னால. நீங்க முன்னால பாருங்க."

சலேஹா சுக்கானைப் பிடித்திருந்தாள். படகு இப்போது நேராகப் போனது. ஜெயராஜ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.