துரைசானியின் ஆண்பால்

நாற்பத்திரண்டு வயதில் எனக்குச் சொல்லிலக்கணப் பைத்தியம் பிடித்தது. பகலெல்லாம் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை. வாரத்தில் இரண்டு மாலை, அதே மேசையில் அதே கணினியில் பகுதிநேரத் தமிழ்ப் பட்டப்படிப்பு. சொற்கள் எப்படி உருவாகின்றன என்பது அந்தப் பருவத்துப் பாடம். பிரிக்கக்கூடிய சொல் பகுபதம், பிரிக்க முடியாதது பகாப்பதம் என்று விரிவுரையாளர் சொன்ன நாளிலிருந்து, என் காதில் விழுந்த எந்தச் சொல்லும் முழுசாகத் தப்பவில்லை. கணவர் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "சாப்பிடு என்பது பகுதி" என்று ஆரம்பிப்பேன். அவர் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டத்துக்குப் புது மேனேஜர் வரப்போவதாகத் தகவல் வந்தது. பெண். தோட்டத்தில் மேனேஜரைத் துரை என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலமாகியும் அந்தச் சொல் மட்டும் பங்களாவைக் காலி செய்யவில்லை. துரையின் மனைவி துரைசானி. அதுவரை வந்த துரைகள் எல்லாரும் ஆண்கள் என்பதால் சிக்கல் வந்ததில்லை.

வரவேற்புக்குப் பேனர் அடிக்க வேண்டும் என்று கங்காணி என் மேசைக்கு வந்தார். கொழுந்து பறிக்கும் ஆட்களுக்கு மேற்பார்வை பார்ப்பவர். அறுபதை நெருங்கும் வயது, அடர்ந்த மீசை.

"கிராணியம்மா, பேனர்ல என்னான்னு போடறது? துரைசானி வருகன்னு போட்டா, அப்ப துரை எங்கேன்னு கேப்பாங்க லா."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்காகத்தானே படிக்கிறேன்.

"பொம்பளைக்குன்னு ஒரு விகுதி இருக்குண்ணே. மாணவன், மாணவி. தோழன், தோழி. கடைசியில 'இ' வந்தா பெண்பால்."

கங்காணி தன் பதவியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "கங்காணி. கடைசியில 'இ' வருதே. அப்ப நானு?"

"அது பிரிக்க முடியாத சொல்லுண்ணே."

"கிராணி? உங்களுக்கு முன்னாடி இருந்தவரு ஆம்பளதானே?"

"அதையும் பிரிக்க முடியாது."

"எதையுமே பிரிக்க முடியலன்னா எதுக்கும்மா இந்தப் படிப்பு?"

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் நேரத்தில், கங்காணி எல்லாரிடமும் யோசனை கேட்டார். லேடி துரை என்றார் ஒருவர். லேடி டாக்டர் மாதிரி இருக்கிறது, ஊசி போடுவாரோ என்று பயம் வரும் என்று தள்ளினோம். துரைச்சி என்றேன் நான். இறைச்சி மாதிரி கேட்கிறது என்றார்கள். துரையம்மா என்று இன்னொருவர் சொல்ல, பின்வரிசையிலிருந்து ஓர் அக்காள் கொதித்தெழுந்தார்.

"அது என் மாமியா பேருங்க! அந்தப் பேரச் சொல்லி நான் காலங்காத்தால சலாம் போடணுமா?"

வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் முதலாளி என்ற பொருளில் "போஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு மலையேறிவிட்டார்கள்.

கடைசியில் துரைசானி என்றே இருக்கட்டும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். 'சானி' பெண்பாலைத்தான் காட்டுகிறது, மனைவி என்ற பொருள் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது என்று விளக்கமும் கொடுத்தேன். யாருக்கும் புரியவில்லை, அதனால் ஒத்துக்கொண்டார்கள்.

பேனர் பிரிஞ்சாங் டவுன் அச்சகத்திலிருந்து வரவேற்பன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. விரித்துக் கட்டிய பிறகு பார்த்தால், 'புதிய துரைசாணி வருக' என்று இருந்தது. அச்சடித்தவர் 'னி'யை 'ணி' ஆக்கிவிட்டார். எங்கள் மேனேஜரின் பாதி மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டது.

"கார் ரிங்லெட் தாண்டிருச்சாம்!" என்று யாரோ கத்தினார்கள்.

கங்காணி பதறவில்லை. மீதமிருந்த செவ்வந்தி மாலையை எடுத்து, 'சாணி' மறையும்படி பேனரின் குறுக்கே தொங்கவிட்டார். இப்போது 'புதிய துரை வருக' என்று அழகாக இருந்தது. விகுதியே வேண்டாம், பகுதி மட்டும் போதும் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கார் வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து தாடி வைத்த ஒருவர் இறங்கினார். பேனரில் துரை, எதிரே ஓர் ஆண். கூட்டத்துக்கு அதற்குமேல் யோசனை ஓடவில்லை. நாதஸ்வரப் பாட்டை யாரோ கைப்பேசியில் போட, வரவேற்பு மாலை அவர் கழுத்தில் விழுந்தது.

"ஐயோ, நான் இல்லீங்க. அவங்கதான்!" என்று அவர் மறுபக்கம் கைகாட்டினார்.

பூட்ஸ் காலோடு ஒரு பெண் இறங்கி வந்தார். சரியாக அப்போது காற்றடித்து, பேனர் மாலை நழுவி விழுந்தது. அவர் நின்று நிதானமாக வாசித்தார்.

"புதிய துரை... சாணி வருக." திரும்பிப் பார்த்தார். "யாரு எழுதுனது?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பகுதி, விகுதி, றன்னகரம், டண்ணகரம் என்று மூச்சுவிடாமல் பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, நான் துரை. அதுல ஒண்ணும் ஒட்ட வேணாம். ஆனா இவரு என்னா?" என்று தாடிக்காரரைக் காட்டினார். அவர் கணவர்.

அதற்கு விடை தேடி ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். துரைசானன், துரைசானர், துரைசானியான். துரையின் கணவர் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவர். பங்களாவின் பின்புறம் தோட்டம் போடவும் ஆரம்பித்திருந்தார். ஏதோ கேட்க அலுவலகத்துக்கு வந்தவரிடம் பட்டியலை நீட்டினேன்.

"துரைசானன்னா அரக்கன் மாதிரி இருக்கேம்மா," என்றார். "ஏன் மாத்தணும்? துரைக்குச் சோறு ஆக்கிப் போடறது யாரு? நான்தானே? நானே துரைசானியா இருந்துட்டுப் போறேன்."

சிரிக்காமல் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டே நாளில் தோட்டம் முழுக்க அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

அடுத்த மாதம் ஸ்ட்ராபெரி நாற்று வாங்க அவரோடு கியா பார்ம் சந்தைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ரசீது எழுதப் பேனாவை எடுத்து, எந்தப் பேரில் என்று கேட்டார்.

"துரைசானின்னு போடுங்க," என்றார் துரையின் கணவர்.

"பங்களாவுக்கா சார்? அப்ப துரைசானியம்மாவே வந்து நாத்தப் பாத்து எடுத்துக்கிட்டா நல்லது லா. அப்பறம் கொற சொல்லக்கூடாது."

"வந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு, அவர் தாடியைத் தடவிக்கொண்டே நாற்றுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.