தூங்கி எழாத கம்ப்யூட்டர்

ராயப்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் தஹ்சீன் என்ற பெண்மணிக்கு வயது நாற்பத்து நாலு. ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். இப்போது ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் அவர் நம்பர் கைமாறிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்கும் அவர்தான். வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுக்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன ஆச்சுன்னு முதல்லருந்து சொல்லுங்க" என்பார். நாம் சொல்லி முடிக்கும்வரை மெஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அப்படிப் பொறுமையாகக் கேட்பதில் தனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது என்றும், பட்டினப்பாக்கத்தில் ஒரு வீட்டில் அது அடிவாங்கியது என்றும் அவரே என்னிடம் சொன்னார். ரிப்பேருக்கு வருகிறவர்கள் தங்கள் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வீடு ஹவுசிங் போர்டு குடியிருப்பின் முதல் மாடியில் இருந்தது. அன்புச்செல்வி, அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறவர். கணவர் நாகராஜுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்த பிறகு, கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். கம்ப்யூட்டரை ஆபீஸே கொடுத்தனுப்பியது. ஹாலில் கணவரின் கட்டிலை ஒட்டியே மேஜையைப் போட்டிருந்தார்.

மூன்று வாரமாக அந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் ஸ்லீப்புக்குப் போய்விடும். அது ஆபீஸ் அப்போதுதான் புதிதாக வைத்த பூட்டு, மாற்ற முடியாது. தூங்குவதில் தொல்லை இல்லை, எழுவதில்தான். அன்புச்செல்வி சோறு வடித்துவிட்டு வந்து கீபோர்டைத் தட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் முதலிலிருந்து கிளம்பும். பாதி பார்த்து வைத்திருந்த பில்லெல்லாம் போயிருக்கும். அவருடைய மேலதிகாரி லாவண்யா கடைசியாகச் சொல்லிவிட்டார். இந்த வாரமும் இப்படி ஆனால், திங்கட்கிழமையிலிருந்து அன்புச்செல்வி ஆபீஸுக்கு வந்துதான் வேலை பார்க்க வேண்டும்.

"காலைல ஏழு மணிக்குக் கெளம்புனா வூட்டுக்கு வர ராத்திரி எட்டாயிடும்க்கா. அதுவரைக்கும் இவர பாத்ரூமுக்கு யாரு இட்டுகினு போவாங்க?" என்று அன்புச்செல்வி கேட்டார்.

நாகராஜ் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு லேசாகக் குழறும், புரியாத அளவுக்கு இல்லை. வலது கையும் காலும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தஹ்சீன் வழக்கப்படி எல்லாவற்றையும் கேட்டார். "உங்களைத் தவிர வேற யாராவது இதைத் தொடுவாங்களா?" என்பதையும் கேட்டார்.

"வேற யாருக்கா கீறாங்க? நாந்தான்" என்றார் அன்புச்செல்வி.

மூன்றடி தூரத்தில் ஒரு மனிதர் இருந்தார். அவரை இரண்டு பேருமே எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஒருவர் படுக்கையில் விழுந்தால் போதும், டாக்டர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை அவர் அங்கே இல்லாதது போலவே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். என் மாமனார் படுத்திருந்தபோது நானும் இதையேதான் செய்தேன். இப்போது நினைத்தாலும் என்மீது எனக்கே எரிச்சல் வருகிறது.

மெஷினின் பதிவுகளைப் பார்த்தபோது, தூக்கத்தின் நடுவே மின்சாரம் சட்டென்று நின்றதாக இருந்தது. கரன்ட் போகவில்லை, ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று அன்புச்செல்வி அடித்துச் சொன்னார். அப்படியானால் கோளாறு உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில்தான் என்று தஹ்சீன் முடிவு கட்டினார். ஆபீஸைக் கேட்டுக்கொண்டு அதை மாற்றினார். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். மூன்று தடவை தூங்கியது, மூன்று தடவையும் ஒழுங்காக எழுந்தது. மறுநாள் மத்தியானம் பழைய கதை.

இரண்டாம் முறை வந்து ரேமை மாற்றினார். ஆபீஸ் ஆட்கள் அங்கிருந்தபடியே டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். மறுபடியும் உட்கார்ந்து பார்த்தார், மறுபடியும் ஒரு குறையும் இல்லை. அவர் போன மறுநாள் அது மறுபடியும் எழவில்லை.

"நான் உக்காந்திருந்தா மட்டும் நல்ல பிள்ளையா எழுந்துக்குது. என்னைப் பார்த்தா அதுக்கு என்ன பயமா?" என்று வீட்டில் புலம்பினாராம்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் முறையாகப் போனார். அந்த வாரத்தின் கடைசி வேலை நாள் அது. பன்னிரண்டரை மணிக்கு அன்புச்செல்வி இடைவேளை எடுத்துக்கொண்டு மீன் பொரிக்கப் போனார். தஹ்சீன், தொழுதுகொள்ள இடம் கிடைக்குமா என்று கேட்டார். உள் அறையில் துவைத்த பெட்ஷீட் ஒன்றை விரித்துக் கொடுத்தார் அன்புச்செல்வி. ஹாலில் நாகராஜ் மட்டும் இருந்தார். கம்ப்யூட்டர் தூங்கியது.

தொழுது முடித்து பெட்ஷீட்டை மடிக்கும்போது, திறந்திருந்த கதவு வழியாக தஹ்சீன் அதைப் பார்த்தார். நாகராஜ் கட்டிலில் இருந்தபடியே இடது கையை நீட்டி, சுவரில் கம்ப்யூட்டர் செருகியிருந்த சுவிட்சை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து சமையலறையிலிருந்து, "அக்கா, சாப்புட வாங்க" என்று குரல் வந்ததும், கை மறுபடி நீண்டு சுவிட்சைப் போட்டது. அன்புச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டே வந்து கீபோர்டைத் தட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது.

"அங்கயே என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருந்துச்சு" என்றார் தஹ்சீன்.

அந்த வீட்டுக்கு வந்த மூன்று தடவையில் அப்போதுதான் முதல்முறையாக அவர் கட்டிலைப் பார்த்துப் பேசினார். "அண்ணா, அந்த சுவிட்சை ஏன் அணைச்சீங்க?"

நாகராஜ் யோசிக்கவே இல்லை. "ஸ்க்ரீன் கருப்பாயிடுச்சு. ஆளும் எய்ந்து போய்ட்டாங்க. இன்னாத்துக்கு சும்மா கரன்ட்டு ஓடணும்?"

தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருபத்திரண்டு வருஷம் ஹாலைப் பார்த்துக்கொண்டவர் அவர். கூட்டம் எழுந்து போன மறுநிமிஷம் ஏசி, ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். ஒரே ஒரு விருந்தாளி உட்கார்ந்திருந்தாலும் சுவிட்ச் மேல் கை வைக்கக் கூடாது, அது மரியாதையில்லை. அடுத்த ஆட்கள் வரும் சத்தம் கேட்டால், அவர்கள் உள்ளே நுழைவதற்குள் எல்லாம் எரிய வேண்டும். உடம்பு விழுந்த பிறகு அவர் கைக்கு எட்டியது அந்த ஒரு சுவிட்ச் போர்டுதான். அங்கேயும் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். தஹ்சீன் அந்த வீட்டுக்கு விருந்தாளி. அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தவரை நாகராஜ் அணைப்பாரா?

தஹ்சீன் அவருக்கு விளக்கினார். "தூங்கும்போதும் அதுக்குக் கொஞ்சம் கரன்ட் வேணும் அண்ணா. அதை வச்சுதான் அதுவரைக்கும் செஞ்சதை ஞாபகம் வச்சிருக்கும். நீங்க அணைச்சா எல்லாம் போயிடும்."

நாகராஜ் மனைவியைப் பார்த்து, "அப்ப உன்ன ஆபீசுக்கு அனுப்பப் பாத்தது நாந்தானா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் லாவண்யாவிடம் திட்டு வாங்கிய களைப்பில் அன்புச்செல்விக்குப் பொய் வரவில்லை. "ஆமா மாமா" என்றார்.

"என்னாண்ட ஒருத்தரும் கேக்கலியே" என்றார் நாகராஜ்.

அடுத்த வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் ஒருதடவைகூட நிற்கவில்லை. காரணத்தைச் சொல்லி ஒரு வாரம் தவணை வாங்கியிருந்ததால் லாவண்யாவும் ஆபீஸ் பேச்சை எடுக்கவில்லை. சனிக்கிழமை, எப்படியிருக்கிறது என்று கேட்க தஹ்சீன் போன் செய்தார். அன்புச்செல்வி மாவரைக்கக் கீழே போயிருந்ததால் நாகராஜ் எடுத்தார்.

"நல்லா ஓடுதும்மா. நான் ஒரு சுவிட்சையும் தொடறதில்ல" என்றார்.

"ஃபேன், லைட்டெல்லாம் எப்பவும் போல அணைக்கலாமே அண்ணா. அந்த ஒண்ணு மட்டும்தான் வேணாம்."

"எதுக்கும்மா வம்பு. எது எத்தோட சேந்துகினு கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? அவ வூட்ல கீறா, அது போதும். நாளெல்லாம் நல்லா கீற இந்தக் கைய தொடைக்கு அடில வெச்சிகினு குந்திகினு கீறேன்."