ஊசிக்குப் பிறகு வந்த முகம்

1. எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அம்மா காய்ச்சலில் இறந்தார்.
2. மறு வருடம் அம்மாவின் தங்கையை அப்பாவுக்குக் கட்டி வைத்தார்கள். என்னை வளர்த்தவர் இந்தச் சின்னம்மாதான்.
3. சின்னம்மாவுக்குத் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டு. கடித்துக் கடித்து இரண்டு பக்கத் தாடைத் தசைகளும் பருத்து, முகம் சதுரமாகிவிட்டது. காலையில் வாயைத் திறக்க முடியாத வலி.
4. நான் படித்து முடித்து, கண்டியில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்படிப் பருத்த தாடைத் தசைகளுக்கு ஊசி போட்டுப் பார்க்கும் ஆய்வு ஒன்று அங்கே நடந்தது. ஸ்கேன் கருவியால் தசையின் தடிப்பை அளப்பது என் வேலை.
5. சின்னம்மாவும் அந்த ஆய்வில் சேர்ந்தார்.
6. தாடை மெலிந்தது. வலி போயிற்று.
7. தீபாவளி அன்று அப்பா சின்னம்மாவை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயம் கொட்டகலைக்கு மேலே இருக்கிறது. அங்கே சின்னம்மாவின் தாடை எல்லோருக்கும் கேலிப்பொருள். "இன்னும் பொன்னுக்கு வீங்கி எறங்கலியா? ஒன் புருசன தங்கச் சங்கிலி ஒண்ணு போடச் சொல்லு, எறங்கிரும்" என்பார்கள். சின்னம்மாவும் விடமாட்டார். "சங்கிலி போட்டா எறங்கும்னா, எறங்குனதும் அவரு கழட்டிக்கிட்டுப் போயிருவாரே. வீக்கமாவது எங்கிட்டயே இருக்கட்டும்" என்பார். சிரித்துவிட்டுக் கன்னத்தைக் கையால் அழுத்திக்கொள்வார். ரொட்டியைத் தேநீரில் நனைத்துத்தான் சாப்பிட முடியும்.

ஊசியில் இருப்பது ஒரு கிருமி சுரக்கும் நஞ்சு. மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்தினால், அந்தத் தசை சில மாதங்களுக்கு இறுக முடியாமல் போகும். வேலை செய்யாத தசை மெலியும். அழகு நிலையங்களில் பொட்டொக்ஸ் என்று போடுவதும் இதைத்தான். ஆய்வில் சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது ஊசி போடுகிறவருக்கே தெரியாது. சின்னம்மா என் வீட்டு ஆள் என்பதால் அவரை வேறொருவர்தான் அளந்தார்.

"உப்புத்தண்ணி போட்டுக்கவா கண்டி வரைக்கும் பஸ் ஏறணும்? நம்ம அடுப்படியில இல்லாத உப்பா?" என்றார் சின்னம்மா. ஆனாலும் வந்தார். வலி அவ்வளவு இருந்தது.

அவருக்குப் போட்டது உப்புநீர் அல்ல என்பது இரண்டு மூன்று மாதத்தில் முகத்திலேயே தெரிந்தது.

முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர். "ஏ புள்ள, ஒன் அக்காதான் நிக்கிறான்னு நெனச்சுட்டேன். எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு."

"அவ திரும்பி வந்தா, இந்த மழையில கொழுந்தெடுக்கவா வருவா?" என்று சின்னம்மா சிரித்தாராம்.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது நானும் பார்த்தேன். அம்மாவின் படம் ஒன்றுதான் எங்களிடம் உண்டு. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. சிரிப்பில்லாமல் நேராகப் பார்க்கும் ஒடுங்கிய முகம். அந்த முகம் அசைந்து பார்த்த நினைவு எனக்கு இல்லை. இப்போது அது அடுப்பை ஊதியது, தும்மியது, கோழியைத் திட்டியது. சின்னம்மா திரும்பும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தேன். இரவில் பல் அரைபடும் சத்தமும் நின்றுவிட்டது. சிறுவயது முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டே தூங்கியவள் நான். அது இல்லாத அறையில் படுத்திருப்பது வேறு யாரோ என்று தோன்றியது.

"என்னாடி அப்புடிப் பாக்குற? இங்கயும் அளக்கப் போறியா?"

"இல்ல சின்னம்மா."

சுமங்கலியாக இறந்தவருக்குப் பண்டிகை நாளில் புதுச் சேலை வைத்துக் கும்பிட்டு, பிறகு அதை வீட்டுப் பெண் உடுத்துவது எங்கள் வழக்கம். வருடா வருடம் அம்மாவின் படத்துக்கு முன் வைத்த சேலையைச் சின்னம்மாதான் உடுத்துவார். சேலையை அப்பாதான் எடுப்பார், அம்மாவுக்குப் பிடித்த மாம்பழ மஞ்சளில். சின்னம்மாவுக்கு அந்த நிறம் பிடிக்குமா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்தத் தீபாவளியிலும் அப்பா சூடம் காட்டினார். சின்னம்மா உள்ளே போய்ச் சேலையை உடுத்திக்கொண்டு, பலகாரத் தட்டோடு வெளியே வந்தார். அப்பா திரும்பினார். அம்மாவின் பெயரைச் சொன்னார். பிறகு மிகச் சாதாரணமாக, "எப்ப வந்த?" என்று கேட்டார்.

சின்னம்மா தட்டைக் கீழே வைத்தார். "நான் எங்க போனேன், வாரதுக்கு?" என்றார்.

அப்பா வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார். ஆலையில் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். விறகு பிளந்து கொடுத்தார். அட்டன் நகரத்துக்குப் போனால் வறுத்த கடலை வாங்கி வந்து சின்னம்மாவின் கையில் கொடுத்தார். மெல்லும் தசை தளர்ந்திருந்ததால் சின்னம்மாவால் அதைக் கடிக்க முடியவில்லை. கடலை அம்மாவுக்குப் பிடித்தது.

"இத்தன வருசம் ஆக்கிப் போட்டேன்," என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சின்னம்மா சொன்னார். "ஏறெடுத்துப் பாக்கல. இப்பப் பாக்குறாரு. அதுவும் என்னயவா பாக்குறாரு?"

அப்பா பார்ப்பது போலத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வின் முடிவில், விரும்புகிறவர்களுக்கு இன்னொரு ஊசி போடுவதாக ஏற்பாடு. சின்னம்மாவின் முறை வந்த அன்று நாங்கள் இருவரும் மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம்.

"இத போடாட்டி பழய மூஞ்சி வந்துருமா?"

"கொஞ்சம் கொஞ்சமா வரும். வலியும் திரும்ப வரலாம் சின்னம்மா. பல்லுக்கு ஒரு கவசம் செஞ்சு தருவாங்க. ஆனா ஊசி அளவுக்குக் கேக்காது."

"போட்டா?"

"இப்ப இருக்கிற மாதிரியே இன்னும் கொஞ்ச மாசம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு அருகில் அந்த முகம். "ஒனக்கு அவளப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு இருக்கா? பொய் சொல்லாத."

"இருக்கு" என்றேன்.

"இருக்கும்தானே. பெத்தவ." என் கையைத் தட்டிக் கொடுத்தார். "ஆனா அவ இருக்கணும்னா நான் எங்க புள்ள போறது?"

பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கூடவே எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். "எனக்கு வேணாங்க டொக்டர்" என்று அவர் சொன்னது வெளியே கேட்டது. வலியைப் பற்றி மருத்துவர் எடுத்துச் சொன்னார். "அத நான் பாத்துக்கிறேங்க" என்றார் சின்னம்மா.

இப்போதைய நிலைமை இது. இரண்டாவது ஊசி போடவில்லை. தசை ஏறக்குறைய பழைய தடிப்புக்கு வந்துவிட்டதாக என்னோடு வேலை செய்பவர் அளந்து சொன்னார். பல் கவசம் செய்து கொடுத்தோம். சின்னம்மா நினைத்தால் போடுகிறார். சில காலைகளில் வலிக்கிறது. அப்பா மறுபடியும் தாமதமாக வீடு வருகிறார். சாப்பிடும்போது சின்னம்மாவின் முகத்தைச் சிறிது நேரம் தேடிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் எனக்கு அம்மா இன்னும் கொஞ்சம் தெரிகிறார். அடுத்த மாதம் தெரியமாட்டார்.