தட்டிப் பார்த்த சுவர்

கிறிசாந்தா அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு எரிச்சல்தான் முதலில் வரும். அவள் மேல் இல்லை. இந்த ஊர் மேல், நகராட்சி மேல், எல்லாவற்றையும்விட என் மேல்.

பத்தொன்பது வயதில் பெரு நாட்டு மலையிலிருந்து தலைநகர் லீமாவுக்கு வந்தவள். எங்கள் மணல்மேட்டில் நாணல் பாயை நான்கு பக்கமும் கட்டி அதற்குள் குடியிருந்தாள். ஒரு வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து, மண் வீட்டை நிலநடுக்கத்துக்குத் தாங்குகிற மாதிரி கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். மரச்சட்டம் அடித்து, நாணல் பின்னி, வைக்கோல் கலந்த மண்ணை இரண்டு பக்கமும் பூச வேண்டும். நாற்பது பேர் கற்றுக்கொண்டார்கள். முப்பத்தொன்பது பேர் செங்கல் வேலைக்கே திரும்பிப் போனார்கள்.

இவள் மட்டும் பதினோரு வீடு கட்டினாள். பத்தாவது என்னுடையது, பக்கத்திலேயே பதினொன்றாவது அவளுடையது. மண்ணைக் குழியில் பதினைந்து நாள் ஊறவைப்பாள். இடையில் யாராவது அவசரப்படுத்தினால், "மண்ணு தூங்குது, எழுப்பாத" என்பாள். குனிந்து முகர்ந்து பார்த்து, புளித்த வாசனை வந்த பிறகுதான் கை வைப்பாள்.

பெரிய நிலநடுக்கம் வந்தபோது அந்தப் பதினொன்றும் ஆடின, நின்றன. மேட்டுச் சரிவில் இருந்த செங்கல் வீடுகள் மூலைக்கு மூலை வெடித்தன. அதற்கப்புறமும் வெடித்த வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துத்தான் பரிதாபப்பட்டார்கள். "பாவம், இன்னும் மண்ணுலயே இருக்கீங்களே!" என்று. இவர்களை என்ன செய்வது? அரசுப் படிவத்தில்கூடச் செங்கல்லுக்கு 'மேன்மைப் பொருள்' என்று பெயர். மண் 'மற்றவை' கட்டத்தில் கிடக்கிறது.

அந்தக் கட்டம்தான் எங்கள் கழுத்தை அறுத்தது. மேட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது என்றார்கள். வாசலில் எண் பலகை உள்ள வீட்டுக்குத்தான் குழாய், நிரந்தர வீட்டுக்குத்தான் எண் பலகை. ஆய்வாளர் பாலோமினோ வந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். கெட்டியாகக் கேட்டால் நிரந்தரம், பொத்தென்று கேட்டால் தற்காலிகம். பதினோரு வீடும் பொத்தென்றன.

"தட்டி என்ன சார் தெரியும்? தோளக் குடுத்து முட்டிப் பாருங்க. உங்க தோளுதான் போகும்" என்றாள் கிறிசாந்தா.

"படிவத்துல தட்டுறதுக்குத்தாம்மா எடம் இருக்கு. முட்டுறதுக்கு இல்ல" என்றார் அவர்.

அவள் நகராட்சிக்கு ஒன்பது முறை நடந்தாள். லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, வாளி வாளியாக மேடேற்றி அவளுக்கு இடுப்பு போயிருந்தது. வீட்டுக்கு ஒரு குழாய், அவ்வளவுதான் அவள் கேட்டது.

நான் குறுக்கு வழியில் போனேன். அவள் ஊருக்குப் போயிருந்த வாரத்தில், என் மைத்துனனை வைத்து முன்சுவரில் கம்பிவலை அடித்து, அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டேன். ஆய்வாளர் மறுபடி வந்து தட்டினார். கணீரென்றது. நீல எண் பலகையை அந்தச் சிமெண்டிலேயே முடுக்கிவிட்டு, இறுதி ஆய்வு குளிர்காலம் முடிந்து என்றார்.

திரும்பி வந்த கிறிசாந்தா சுவரைத் தடவிப் பார்த்தாள். "மூச்சு முட்டிச் செத்துரும்டி ஒடிலியா" என்று மட்டும் சொன்னாள்.

செத்துத்தான் போனது. நான் விடியலில் கீன்வா தானியக் கஞ்சி காய்ச்சி விற்கிறவள். அடுப்பின் ஆவி உள்ளே, மாதக்கணக்கில் பனிமூட்டம் வெளியே. ஈரம் போக வழியில்லை. குளிர்காலத்து நடுவில், ஆகஸ்டில், உள்பக்கம் கறுத்து, விரலை வைத்தால் உள்ளே போனது. கிறிசாந்தா வந்து கிளறிப் பார்த்தாள்.

"நாணல் மக்கிருச்சு. நான் சரி பண்ணித் தர்றேன். ஆனா இப்ப வேணாம், ஆய்வு முடியட்டும்."

எனக்காகச் சொல்கிறாள் என்று உருகிப்போனேன். அந்த வாரமே என் அடுக்களை மூலையிலிருந்து தன் முற்றம்வரை ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம் தோண்டினாள். "எதுக்குக்கா?" என்றேன். "சும்மாதான். நீ கஞ்சியப் பாரு." மழையே பெய்யாத ஊரில் யாராவது சும்மா வாய்க்கால் வெட்டுவார்களா? எனக்கு அது உறைக்கவில்லை.

இறுதி ஆய்வு நாளில் பாலோமினோ என் சுவரைத் தட்டினார். "ம், இது வீடு." அவள் சுவரைத் தட்டினார். "மற்றவை." கிறிசாந்தா வாயே திறக்கவில்லை. பேசிப் பேசி அலுத்தவள். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. சுத்தியலை எடுத்து என் சுவரில் ஓங்கி அடித்தேன். நாலாவது அடியில் சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்து, பலகையோடு கீழே விழுந்தது. உள்ளே கறுப்புச் சேறு.

"பாருங்க சார்! இதுதான் நீங்க சொன்ன வீடு! நிலநடுக்கத்துக்கே விழாத அக்கா வீடு மத்தவையா?"

அவர் சுவரைப் பார்த்தார், அவள் வீட்டைப் பார்த்தார். படிவத்தை மாற்றப்போகிறார் என்றே நம்பினேன். அவர் குனிந்து நீலப் பலகையைச் சிமெண்டிலிருந்து கழற்றி, தூசி தட்டிப் பையில் போட்டுக்கொண்டார். என் பெயரை அடித்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் கிறிசாந்தாவிடம் திரும்பினேன். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருடி உன்னக் கேட்டா?"

"உனக்காகத்தான்க்கா..."

பள்ளத்தில் போட்டிருந்த சாக்கை விலக்கிக் காட்டினாள். புதுசாக ஒரு சுருள் ரப்பர் குழாய்.

"உன் குழாய்லேர்ந்து எனக்கு, எனக்குப் பின்னால மூணு வீட்டுக்கு. குழாய் வர்றவரைக்கும், இன்னும் ஒரே ஒரு மாசம், அந்தச் சுவரு பொய் சொல்லியிருந்தாப் போதும்டி. அதுக்காக இத்தன நாளா வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். மூணு அடி அடிச்சிட்டு நிறுத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

 

மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை. வாளி வாளியாக மேடேற்றினாள். சாயங்காலம் என் வாசலில் குழி வெட்டி, மண்ணும் வைக்கோலும் கொட்டி, என் சுவருக்காக ஊறவைத்தாள். தண்ணீரைத் தன் டிரம்மிலிருந்தே ஊற்றினாள்.