கரிநாளுக்கு ஓர் ஊர்

எங்கள் மாமனாருக்குச் சாப்பாடு என்றால் உயிர். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தார். மலையிலிருந்து இறங்கும் காயையெல்லாம் தை பிறப்பதற்குள் விற்று முடித்துவிடுவார். பொங்கல், மாட்டுப் பொங்கல், அதற்கு மறுநாள் கரிநாள். அந்தக் கரிநாளில் இரண்டு கூண்டு வண்டி கட்டி, வீட்டோடு ஏதாவது ஓர் ஊருக்குப் போய்ப் பகல் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அந்த வீட்டு வழக்கம். சாமி கும்பிடவோ சொந்தம் பார்க்கவோ அல்ல, தின்பதற்கு மட்டும். தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் வேரையும் கிழங்கையும் தின்று பிழைத்த சனங்கள் அவர்கள். அந்தச் சிரிப்பில் வயிற்றெரிச்சலும் இருந்திருக்கும்.

மலைக்கு மேலே பெரிய அணை கட்டத் தொடங்கியிருந்த காலத்தில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாந்தாரம். இல்லாவிட்டால் மார்க்கையன்கோட்டையில் களை பறித்துப் பிழைத்த ஒருத்தியின் மகளை அவர்கள் எடுத்திருக்க மாட்டார்கள். அப்பா பஞ்சத்தில் செத்துப்போனார். அம்மா ஒருத்திதான் என்னை ஆளாக்கினாள்.

எங்கள் கல்யாணப் பந்தியில் சோறு பற்றாமல் போனது. மாப்பிள்ளை வீட்டார் இத்தனை பேர் வருவோம் என்று சொல்லிவிட்டு, அதைப்போல இரண்டு பங்கு ஆட்களோடு வந்து இறங்கினார்கள். கடைசிப் பந்தியில் சிலர் பாதி வயிற்றோடு எழுந்தார்கள். அம்மா வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். மாமனார் சிரித்த முகத்தோடு வண்டி ஏறினார். போடிக்கு வந்ததும் அத்தை என்னிடம், “ஒங்க ஊருக்குப் போறது வாரது எல்லாம் இனிமே கெடையாதுன்னு மாமா சொல்லிட்டாக” என்றாள். தலைத் தீபாவளிக்கும் அனுப்பவில்லை.

அந்த மார்கழியில், கரிநாளுக்கு எந்த ஊர் என்ற பேச்சு எழுந்தது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். மாமனாரின் தம்பி உத்தமபாளையம் என்றார். “ராவுத்தமாரு ஆக்குற நெய்ச்சோறு மாதிரி வேற எங்கன கெடைக்கும்?” அத்தைக்குப் பெரியகுளம் போக ஆசை. அங்கே தோப்பில் நிழல் உண்டு, நிம்மதியாக உட்காரலாம் என்றாள். நான் கதவோரம் நின்று வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

“புதுசா வந்த புள்ளையக் கேப்போமே. நீ சொல்லு ஆத்தா, எந்த ஊருக்குப் போனா ருசியாத் திங்கலாம்?”

அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதைப்பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. வாய் தானாகவே, “சின்னமனூரு மாமா” என்றது. பிறகு நிறுத்த முடியவில்லை. தை மாசம் ஆற்றில் தண்ணீர் தெளிந்திருக்கும், அயிரை மீனை உயிரோடு பிடித்துத் தருவார்கள், அதை மண்சட்டியில் உப்புப் போட்டு உரசிப் புளிக்குழம்பு வைத்தால் கரண்டியிலேயே கரையும், கரையில் மருதமர நிழல் இருக்கிறது, வெற்றிலைக்கு அந்த ஊரை அடிக்க ஊரில்லை என்று அடுக்கினேன். மார்க்கையன்கோட்டையின் பெயரை மட்டும் எடுக்கவில்லை.

மாமனார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அத்தையைப் பார்த்து, “சின்னமனூருல இருந்து இவ ஊரு எம்புட்டுத் தூரம்?” என்றார்.

“கூப்புடு தூரந்தான். அதுக்குத்தான இந்தப் பாட்டுப் பாடுறா” என்றாள் அத்தை.

நான் குனிந்து வெற்றிலையை மறுபடி துடைக்கத் தொடங்கினேன். அவரோ சிரித்தார். “இருந்துட்டுப் போகட்டுமே. சின்னமனூருக்கே போவோம். ஒங்க ஆத்தாளையும் அங்கன வரச் சொல்லிவிடு. கரிநாளும் அதுவுமா சம்பந்தியம்மாவும் ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டும்.”

நான் அவர் காலில் விழுந்தேன். அழவும் செய்தேன். ஊர் ஊராகப் போகும் வளையல்காரி ஒருத்தி எங்கள் தெருவுக்கு வருவாள். அவளிடம் அம்மாவுக்குச் செய்தி சொல்லியனுப்பினேன்.

கரிநாளன்று கோழி கூப்பிடக் கிளம்பினோம். அணைக்குச் சுண்ணாம்பு ஏற்றிப்போன வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால், சின்னமனூர் ஆற்றங்கரையில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. நான் சொன்னபடியே எல்லாம் இருந்தது. மருதமரத்தடியில் அடுப்புக் கூட்டினார்கள். சமைக்க உள்ளூர் அம்மாள் ஒருத்தியை அமர்த்தினார்கள். சட்டிக்குள் அயிரை துள்ளுவதை மாமனார் குனிந்து பார்த்து ரசித்தார். என்னைக் கூப்பிட்டு, “கெட்டிக்காரி, நல்ல ஊராத்தான் சொன்ன” என்றார்.

சோறு வடித்து இறக்கும் நேரத்துக்கு அம்மா கரை வழியாக நடந்து வந்தாள். வெளுத்த சேலை. இடுப்பில் வாழையிலையால் வாய் கட்டிய சின்னப் பானை. கம்பு மாவில் கருப்பட்டி போட்டு அவள் பிடிக்கும் கொழுக்கட்டை எனக்கு உயிர். அதைத்தான் கொண்டுவந்திருந்தாள்.

“வாங்க தங்கச்சி, வாங்க. ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்” என்று மாமனார் எழுந்துபோய்ப் பானையைக் கையில் வாங்கினார். இலையை விலக்கிப் பார்த்தார். “கம்பா? அடடா, நேத்து மாட்டுப் பொங்கலுக்கு வந்திருக்கணும் நீங்க. ஏலே, இத மாட்டுக்கு வையி” என்று வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டார். அவருடைய தம்பி வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவும் லேசாகச் சிரித்தாள். விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

மாமனார் மரத்தடியில் ஒரே ஓர் இலை போடச் சொன்னார். “நீங்கெல்லாம் சாப்பிடுங்கண்ணே, நான் பெறகு” என்றாள் அம்மா.

“அதெப்புடி? சம்பந்திதான் மொதல்ல. ஒக்காருங்க.” என்னிடம், “ஆத்தா, ஒன் கையால வையி” என்றார்.

எத்தனையோ மாதம் கழித்து அம்மாவுக்குப் பரிமாறுகிறேன் என்ற சந்தோஷத்தில், சோற்றை அள்ளி வைத்துக் குழம்பை ஊற்றினேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். யாருக்கும் இலை போடவில்லை. அம்மா கூச்சத்தோடு சாப்பிட்டாள். இலை காலியானதும் அவர், “வையி” என்றார். வைத்தேன். அதுவும் முடிந்ததும், “வையி” என்றார்.

“போதும்ணே, வயிறு நெறஞ்சிருச்சு” என்று அம்மா இலையை மூடப் போனாள். மாமனார் கைத்தடியை நீட்டி இலையின் ஓரத்தில் ஊன்றினார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

“அன்னைக்கு எங்காளுக பாதி வயித்தோட எந்திரிச்சாக. எத்தன பேருன்னு ஒங்களுக்கே தெரியும். அவுக எல்லாரு பங்கும் இந்த அண்டாவுல இருக்கு. சாப்பிட்டு முடிச்சிட்டு எந்திரிங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாகச் சொல்லி அவர் ஆற்றுக்குள் இறங்கிவிட்டார்.

“நீ வைக்கலேன்னா நான் வைப்பேன். அப்புறம் நீ ஒங்க ஆத்தாளோடவே போயிரலாம், போடிக்கு வர வேண்டியதில்ல” என்றார் மாமனார்.

நான் எழுந்துவிடத்தான் நினைத்தேன். அம்மா, “வையி தாயி” என்றாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். “சோறுதான. வையி.”

வைத்தேன். அவள் தின்றாள். முதலில் பிசைந்து தின்றாள், பிறகு உருட்டி விழுங்கினாள். நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை கொட்டியது. இடையிடையே கண்ணை மூடி மூச்சு வாங்கினாள். இலைக்கு வெளியே சிந்திய பருக்கையைப் பழக்கத்தில் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். மாமனாரின் தம்பிக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. “போதும்ணே, விட்ருங்க” என்று முணுமுணுத்தார். சமைக்க வந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். கடைசியில் அம்மா தின்றதையெல்லாம் இலையிலேயே வாந்தி எடுத்தாள்.

“அட, அயிரை ஒத்துக்கல போல” என்று சொல்லிவிட்டு மாமனார் கைத்தடியை எடுத்தார். “தள்ளி அங்கன எல போடுங்கப்பா. பசிக்குது.”

நான்தான் அவர்களுக்கும் பரிமாறினேன். பிறகு நானும் சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் அம்மாவை மறுபடி கூப்பிட்டு உட்கார வைப்பாரோ என்ற பயம். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்த ருசி நாக்கில் பட்டதும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. அம்மா ஆற்றில் முகம் கழுவிவிட்டு வந்து, “போயிட்டு வாரேன்ணே” என்று அவரைக் கும்பிட்டாள். என்னிடம், “ஒடம்பப் பாத்துக்க” என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரை வழியே போனாள்.

மறுவருஷம் மார்கழியில் மாமனார் மறுபடி என்னையே கேட்டார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். வளையல்காரி வந்து பல நாளாகியிருந்தது. ஊருக்குச் செய்தி சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. எப்படியும் அம்மா அந்த ஆற்றங்கரைக்கு இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். “தேவதானப்பட்டி மாமா, அங்கன நெய் நல்லாருக்குமாம்” என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “புத்தி வந்திருச்சு” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். தேவதானப்பட்டிக்குப் போனோம். நெய் விட்டுப் பிசைந்த சோறும் கோழியும் சாப்பிட்டோம்.

மாசி பிறந்த பிறகுதான் வளையல்காரி வந்தாள். என் கையைப் பிடித்து வளையல் ஏற்றிக்கொண்டே, “கரிநாளுக்கு நீங்க வரலையாம்மா? ஒங்க ஆத்தா இந்த வருசமும் வருவீகன்னு காலையிலயே வந்து மருதமரத்தடியில ஒக்காந்திருந்தாக. பொழுதடையற மட்டும் பாத்துட்டுத்தான் போனாகளாம். முந்துன நாளுல இருந்தே பட்டினியாக் கெடந்திருக்காக, பாவம். ‘வெறும் வயித்தோட போனா கொஞ்சம் கூடுதலாத் திங்கலாமுல்ல’ன்னு எங்கிட்டச் சொன்னாக” என்றாள்.

வளையல் ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறியது. அவள் பதறிப்போய், தான் இறுக்கிவிட்டதாகச் சொல்லி என் கையைத் துடைத்துவிட்டாள்.

அதற்கடுத்த மார்கழியில் யாரும் கேட்பதற்கு முன்னால் நானே கூடத்துக்குப் போய் நின்றேன். “சின்னமனூருக்கே போவோம் மாமா. எங்க அம்மாவும் வருவாக. என்ன வச்சாலும் சாப்பிடுவாக” என்றேன்.

மாமனார் வெற்றிலையை மென்றபடி என்னை ஒரு முறை பார்த்தார். “அந்த ஊருச் சாப்பாடு சலிச்சுப் போச்சு ஆத்தா” என்றார். தம்பி பக்கம் திரும்பி, உத்தமபாளையத்துக்கு எத்தனை மணிக்கு வண்டி கட்டலாம் என்று கேட்டார்.