ஓலை மூடிய பனி

அந்த ஓவியர் காலையில் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவார்; மழை வரும்போல் இருந்தால், கரையாமலிருக்க உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடுவார். வெயில் ஏறியதும் பழைய நகர ஓவியங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் பிரதி தீட்டுவார். உப்புநீரில் வெடித்த விரல்கள். நாலு தீற்றலுக்கு ஒருமுறை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

புதுச்சேரி விடுதி ஒன்றுக்காக, ஐரோப்பியத் தெருவின் குளிர்காலக் காட்சியை அவரிடம் கேட்டிருந்தேன். குதிரை வண்டி, விளக்குக் கம்பம், தொப்பி வைத்த கூட்டம், எல்லாம் அச்சு அசல். தெருவோரப் பனிக்குவியல்களை மட்டும் ஓலை போட்டு மூடியிருந்தார்.

"என்னங்க இது? இது உப்பு இல்லீங்க, பனி. ஓட்டல்காரர் வாங்கவே மாட்டாரு."

"பனின்னு தெரியுங்க. மேல மேகத்தப் பாருங்க, எப்டிக் கறுத்துக்கினு இருக்குது! அப்டியே போட்டுட்டு எப்டிங்க வர்றது?"

துணியை நீட்டினார். "பெயிண்ட் இன்னும் காயல. என்னால ஆவாது. வேணும்னா நீங்களே தொடச்சிடுங்க."

துணியை வாங்கிக்கொண்டு படத்தருகே போனேன். படத்தின் மேகம் கறுத்துத்தான் இருந்தது. துணியை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. விடுதிக்காரருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மழை இருட்டினால், ஜன்னலைச் சாத்துவதற்கு முன் அந்த ஓலைகளை ஏன் பார்க்கிறேன் என்பதும் தெரியவில்லை.